அந்த ஃப்ரீவேயை அகலப்படுத்தச் சொன்னது யார்? அமெரிக்கப் போக்குவரத்துத் திட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்களிடம் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிக் கேட்டால் தசமப் புள்ளி வரை சொல்வார்கள். பள்ளிக்கூடங்களின் தரவரிசை மனப்பாடம். ஆனால் தினமும் காலையில் சிக்கிக்கொள்ளும் ஃப்ரீவேயை அகலப்படுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்தது யார் என்று கேட்டால், "அரசாங்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எந்த அரசாங்கம், எந்தக் கூட்டத்தில், யாருடைய பணத்தில் என்பவைதான் இங்கே விஷயம். நாடு முழுவதற்கும் பொருந்தும் விதிகளோடு, கலிஃபோர்னியாவின் தனி நடைமுறையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். காரணம், "பிராந்தியப் போக்குவரத்து மேம்பாட்டுத் திட்டம்" என்ற பெயரில் சட்டப்படி ஓர் ஆவணம் அங்கே தயாராகிறது.

சாலையையோ ரயில் பாதையையோ மேம்படுத்த முடிவெடுப்பது ஃபெடரல் அரசா, மாநிலமா, நகரமா?

மூன்றும் இல்லை, மூன்றும்தான். பணத்தில் ஒரு பங்கை வாஷிங்டன் தருகிறது. நெடுஞ்சாலையின் சொந்தக்காரர் மாநிலம். தெருவும் சிக்னலும் நகரத்தின் பொறுப்பு. ஆனால் பெருநகரப் பகுதிகளில் எந்த வேலைக்கு ஃபெடரல் பணம் போகலாம் என்ற பட்டியலைத் தயாரிப்பது பெருநகரத் திட்டமிடல் அமைப்பு. சுருக்கமாக எம்.பி.ஓ. இதைப் பற்றிப் பெரும்பாலானோர் கேள்விப்பட்டதே இல்லை. அதனால்தான் இதன் அதிகாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எம்.பி.ஓ. என்று ஒன்றுக்கு நான் வாக்களித்ததே இல்லையே?

நேரடியாக வாக்களித்திருக்க மாட்டீர்கள். உங்கள் மேயர், நகர மன்ற உறுப்பினர், கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மேற்பார்வையாளர், போக்குவரத்துக் கழகப் பிரதிநிதி என்று ஏற்கெனவே வேறு பதவியில் இருப்பவர்களே பெரும்பாலும் இதன் குழுவில் அமர்வார்கள்.

1950களில் ஃப்ரீவேக்கள் நகரங்களின் நடுவே வெட்டிக்கொண்டு போனபோது எழுந்த எதிர்ப்பை அடுத்து, 1962ஆம் ஆண்டு ஃபெடரல் நெடுஞ்சாலைச் சட்டம் ஒரு நிபந்தனை விதித்தது. 50,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரப் பகுதிகளில், உள்ளாட்சிகளும் மாநிலமும் சேர்ந்து தொடர்ச்சியாகத் திட்டமிட்டால்தான் சாலைப் பணம். இன்றைய எம்.பி.ஓ.க்களின் வேர் அதுதான். இப்போது நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்டவை உள்ளன. 2 லட்சம் பேரைத் தாண்டிய பகுதிகளில் அவற்றுக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. சில நிதிகளுக்கான வேலைகளை அவையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

அளவில் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தென் கலிஃபோர்னியாவின் எம்.பி.ஓ. 6 கவுன்டிகளையும் 191 நகரங்களையும் உள்ளடக்கியது, நாட்டிலேயே பெரியது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் 9 கவுன்டிகளுக்கும் 101 நகரங்களுக்கும் பொறுப்பு. இன்னொரு பக்கம், ஒற்றைக் கவுன்டிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களோடு இயங்கும் எம்.பி.ஓ.க்களும் இருக்கின்றன.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். பல குழுக்களில் இருக்கைகள் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுவதில்லை. சிறிய புறநகருக்கும் ஒரு வாக்கு, அதைப்போலப் பல மடங்கு பெரிய நகரத்துக்கும் ஒன்றிரண்டு வாக்கு என்ற நிலை வந்தால், சாலை எந்தப் பக்கம் நீளும் என்று ஊகிப்பது கடினமல்ல.

நீண்டகாலத் திட்டம், டி.ஐ.பி., ஆர்.டி.ஐ.பி. என்று பல பெயர்கள். எது எது?

நீண்டகாலத் திட்டம் குறைந்தது 20 ஆண்டுகளை முன்னோக்கிப் பார்க்கும். மக்கள்தொகை எப்படி வளரும், வீடுகள் எங்கே வரும், எந்தத் தடங்கள் நிரம்பும் என்ற கணிப்பும், அதற்கேற்ற வேலைகளும் அதில் இருக்கும். காற்றுத் தரம் மோசமான பகுதிகளில் 4 ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற இடங்களில் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வளைகுடாப் பகுதி 2021 அக்டோபரில் ஏற்றுக்கொண்ட திட்டம் 2050 வரை நீள்கிறது.

டி.ஐ.பி. என்னும் போக்குவரத்து மேம்பாட்டுப் பட்டியல், அந்த நீண்ட திட்டத்திலிருந்து அடுத்த 4 ஆண்டுகளில் உண்மையாகவே தொடங்கப் போகிறவற்றை மட்டும் பிரித்தெடுத்தது. எம்.பி.ஓ.வும் ஆளுநரும் ஒப்புதல் தந்தபின், மாநிலத்தின் பட்டியலில் ஒரு வரிகூட மாறாமல் அது சேர்க்கப்பட வேண்டும். ஃபெடரல் பணம் கேட்கும் வேலை இந்தப் பட்டியலில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல வேலையானாலும் பணம் நகராது.

ஆர்.டி.ஐ.பி. என்பது தொடக்கத்தில் சொன்ன, கலிஃபோர்னியாவின் பிராந்தியப் போக்குவரத்து மேம்பாட்டுத் திட்டம். 1997இல் வந்த எஸ்.பி. 45 என்ற சட்டம், மாநிலத்தின் மேம்பாட்டு நிதியை இரண்டாகப் பிரித்தது. 75 சதவீதம் பிராந்தியங்கள் தீர்மானிப்பதற்கு. 25 சதவீதம் பிராந்தியங்களுக்கு இடையேயான பாதைகளுக்காக மாநிலப் போக்குவரத்துத் துறையிடம். ஒவ்வொரு கவுன்டியின் பங்கும் மக்கள்தொகையையும் அங்குள்ள மாநில நெடுஞ்சாலை மைல்களையும் வைத்து, முன்னதற்கு 75, பின்னதற்கு 25 என்ற எடையில் கணக்கிடப்படுகிறது. ஒற்றைப்படை ஆண்டின் டிசம்பர் நடுவில் பிராந்தியங்கள் தங்கள் பட்டியலை அனுப்பும். அடுத்த ஆண்டு வசந்தகாலத்தில் மாநிலப் போக்குவரத்து ஆணையம் ஐந்தாண்டுப் பட்டியலாக அதை ஏற்கும்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிடிக்கும். ஒரு பிராந்தியத்தின் பட்டியலை மாநில ஆணையம் முழுதாக ஏற்கலாம், அல்லது முழுதாகத் திருப்பி அனுப்பலாம். "இந்த மேம்பாலத்தை மட்டும் எடுத்துவிடு" என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. தலைநகரிலிருந்து ஒருவர் உள்ளூர் முன்னுரிமையில் கைவைக்காமல் இருக்கப் போட்ட பூட்டு அது.

டி.ஐ.பி.யில் இடம் பிடித்துவிட்டால் பணம் வந்த மாதிரிதானே?

இல்லை. ஆனாலும் அது வெறும் விருப்பப் பட்டியலும் இல்லை. 1991க்கு முன்பு பல பகுதிகளில் பட்டியல் என்பது ஆசைகளின் தொகுப்பாகவே இருந்தது. இருக்கும் பணத்தைப் போலப் பல மடங்கு மதிப்புள்ள வேலைகளை எழுதிவைத்து எல்லோரையும் திருப்திப்படுத்திவிடுவார்கள். அந்த ஆண்டு வந்த ஃபெடரல் சட்டம் அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வருமானத்துக்குள் அடங்குகிற வேலைகளை மட்டுமே பட்டியலிட முடியும். பின்னால் வந்த விதிப்படி, செலவையும் இன்றைய விலையில் போடக்கூடாது. வேலை நடக்கும் ஆண்டின் விலைவாசியில் போட வேண்டும்.

அதனால் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், கூடுதல் பணம் காட்ட வேண்டும் அல்லது வேறொன்றைத் தள்ளிப்போட வேண்டும். நகர மன்றக் கூட்டத்தில் "இதையும் சேருங்கள்" என்று கைதட்டல் வாங்குவது சுலபம். எம்.பி.ஓ. மேசையில் அதே வாக்கியம் "எதை எடுக்கலாம்?" என்ற கேள்வியாகிவிடும்.

பட்டியலில் ஒரு வரியை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதலில் ஓர் அடையாள எண். பிறகு சாலையின் பெயர், எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை, என்ன வேலை. அதற்கு வலப்பக்கம் கட்டங்கள்: சுற்றுச்சூழல் ஆய்வு, வரைபடமும் மதிப்பீடும், நிலம் வாங்குதல், கட்டுமானம். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த நிதியாண்டு, எந்த நிதியிலிருந்து எவ்வளவு. நான் முதலில் பார்ப்பது கட்டுமானக் கட்டத்தை. அது காலியாக இருந்தால், அல்லது நாலாண்டு எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தால், அரசியல்வாதி மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாலும் அங்கே கட்டுவதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

அதன்பின்னும் ஒரு படி இருக்கிறது. ஃபெடரல் நெடுஞ்சாலைப் பணம் முன்பணமாகக் கையில் வராது. மாநிலம் முதலில் செலவு செய்யும். பிறகு பில் அனுப்பித் திரும்பப் பெறும். "இந்த வேலைக்கு இவ்வளவு திருப்பித் தருகிறோம்" என்று ஃபெடரல் அரசு கையெழுத்திடும் நாள்தான் உண்மையில் பணம் உறுதியாகும் நாள். குறித்த காலத்துக்குள் அந்தக் கையெழுத்தை வாங்காவிட்டால் ஒதுக்கீடு வேறு வேலைக்குப் போய்விடும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்த அலுவலகங்களில் அவசரம் தெரிவதற்குக் காரணம் இதுவே. நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது.

எந்த வேலை முதலில் என்பதை மதிப்பெண் போட்டுத்தான் முடிவு செய்கிறார்களா?

சில இடங்களில் ஆம். வர்ஜீனியா 2014இல் சட்டம் இயற்றி, பாதுகாப்பு, நெரிசல், வேலைவாய்ப்புகளை எட்டும் வசதி, சுற்றுச்சூழல், நிலப் பயன்பாடு போன்றவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் போடத் தொடங்கியது. பிறகு அந்த மதிப்பெண்ணை, மாநிலத்திடம் கேட்கப்படும் பணத்தால் வகுப்பார்கள். இந்த வகுத்தல்தான் சாமர்த்தியம். பிரம்மாண்டமான மேம்பாலத்தோடு ஒரு சின்னச் சந்திப்புச் சீரமைப்பு போட்டியிட்டு ஜெயிக்க முடிகிறது. பெரிய வேலையோடு வருபவர்களும் உள்ளூரில் கொஞ்சம் பணம் திரட்டிக்கொண்டு வருகிறார்கள்; கேட்கும் தொகை குறைந்தால் மதிப்பெண் ஏறுமே.

மற்ற இடங்களில் மதிப்பெண் பட்டியல் இருக்கும், அதன் பக்கத்திலேயே கவுன்டிகளுக்குள் "உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று" என்ற பேரமும் இருக்கும். பேரமே தவறு என்று நான் சொல்லமாட்டேன். பல ஊர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் பங்கு கேட்காமல் யார் இருப்பார்கள்? ஆனால் பேரம் பேசிவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி மதிப்பெண்ணைப் பின்னால் செதுக்குவதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

பெட்ரோல் போடும்போதெல்லாம் வரி கட்டுகிறேனே. அது போதாதா?

போதாது, 2008இலிருந்தே போதவில்லை. நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதி 1956இல் உருவானது. பெட்ரோலுக்குக் காலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட் என்ற ஃபெடரல் வரிதான் அதன் முதுகெலும்பு. பெட்ரோல் வரி 1993க்குப் பிறகு உயர்த்தப்படவே இல்லை. விலைவாசிக்கு ஏற்ப ஏறும் ஏற்பாடும் இல்லை. கார்கள் அதே ஒரு காலனில் அதிக தூரம் ஓடுகின்றன; மின்சாரக் கார் அந்த வரியைக் கட்டுவதே இல்லை. தார், இரும்பு, கூலி எல்லாம் ஏறிவிட்டன.

எனவே 2008 முதல் பொது வருவாயிலிருந்து எடுத்து அந்த நிதியில் ஊற்றுகிறார்கள். 2021 நவம்பர் 15இல் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் மட்டும் 11,800 கோடி டாலரை இப்படி மாற்றியது. ஆக, "சாலையைப் பயன்படுத்துபவரே சாலைக்குப் பணம் தருகிறார்" என்ற பழைய வாதம் இனி முழு உண்மை இல்லை. காரே ஓட்டாதவரின் வருமான வரியும் ஃப்ரீவேயில் கலந்திருக்கிறது.

மாநிலங்கள் தங்கள் வரியைத் தனியாகப் போடுகின்றன. கலிஃபோர்னியா 2017இல் எஸ்.பி. 1 என்ற சட்டத்தால் காலனுக்கு 12 சென்ட் கூட்டியது, விலைவாசிக்கேற்ப அது ஏறவும் வழி செய்தது. அடுத்த ஆண்டே அதை ரத்து செய்யக் கேட்ட வாக்கெடுப்பு தோற்றது. வரியை உயர்த்தினால் பதவி போய்விடும் என்ற பயம் சில நேரம் பிரதிநிதிகளுக்குத்தான் அதிகம்.

ஃபெடரல் அரசு எத்தனை பங்கு தரும்?

பொதுவாக 80 சதவீதம் வரை. மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை என்றால் 90. மீதியை மாநிலமோ உள்ளூரோ போட வேண்டும். புதிய பெரிய மெட்ரோ, இலகு ரயில் பாதைகளுக்கான போட்டி மானியத்தில் உச்சவரம்பு 60 சதவீதம். நடைமுறையில் பாதிக்கும் குறைவாகவே கிடைப்பதும் உண்டு. அந்த மீதியை எங்கே தேடுவது என்பதிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கிறது.

தேர்தல் வந்தாலே அரை சென்ட் விற்பனை வரி கேட்கிறார்களே, ஏன்?

ஃபெடரல் பணத்துக்கு ஈடு காட்ட உள்ளூரில் ஒரு நிலையான வருமானம் வேண்டும். கலிஃபோர்னியாவில் சொத்து வரியை 1978ஆம் ஆண்டு வாக்கெடுப்பு கட்டிப்போட்டுவிட்டது. மிஞ்சியது விற்பனை வரி. சான்டா கிளாரா கவுன்டி 1984இல் போக்குவரத்துக்கென்று இப்படி ஒரு வரியை வாக்காளர்களிடம் கேட்டு வாங்கி வழிகாட்டியது. பின்னர் பல கவுன்டிகள் அதே வழியில் சென்றன. "தன் கையே தனக்குதவி" கவுன்டிகள் என்று அவற்றை அழைக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், குறிப்பிட்ட நோக்கத்துக்காக அரசு அமைப்பே முன்வைக்கும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் 2008இல் மெஷர் ஆர் என்ற வரி முன்மொழிவு அந்தக் கோட்டைத் தாண்டியது. அதை நீட்டிக்கக் கேட்ட மெஷர் ஜே, 2012இல் 66.1 சதவீத வாக்குகள் பெற்றும் தோற்றது. தேவைப்பட்டது 66.67. நூறு பேரில் அறுபத்தாறு பேர் ஆம் என்ற பிறகும் இல்லை! நான்கு ஆண்டுகள் கழித்து மெஷர் எம் 70 சதவீதத்தைத் தாண்டி நிறைவேறியது. அதற்கு முடிவுத் தேதியே கிடையாது.

விற்பனை வரியில் ஏழைக்குச் சுமை அதிகம் என்ற குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆயினும் ஒரு நன்மை உண்டு. வாக்குச்சீட்டோடு செலவுப் பட்டியலும் வருகிறது. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துத்தான் வாக்குக் கேட்கிறார்கள். கெடுதியும் அதுவே. இருபது ஆண்டுகள் கழித்து உலகமே மாறியிருக்கும். வாக்குறுதி கொடுத்த மேம்பாலத்தை மட்டும் கட்டியே ஆக வேண்டும்.

ஒரு திட்டத்தை எடுத்து, அதன் பணம் எங்கெங்கிருந்து வந்தது என்று காட்ட முடியுமா?

சான் ஹோசே நகருக்குள், வளைகுடாப் பகுதியின் விரைவு ரயிலான பார்ட்டைக் கொண்டுவரும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் நிறைய வசிக்கும் பகுதியும்கூட.

2000 நவம்பரில் சான்டா கிளாரா கவுன்டி வாக்காளர்கள் அரை சென்ட் விற்பனை வரிக்குச் சம்மதித்தார்கள். அது 2006இல் தொடங்கி 30 ஆண்டுகளுக்கு வசூலாகும். ரயில் வந்தால் அதை ஓட்டவும் பராமரிக்கவும் பணம்? அதற்காக 2008இல் எட்டில் ஒரு பங்கு சென்ட் வரி கேட்டார்கள், மயிரிழையில் வென்றது. 2016இல் மீண்டும் அரை சென்ட், அதில் ஒரு பகுதி பார்ட்டுக்கு. முதல் கட்டமான 10 மைல், மில்பீட்டஸ், பெரியெசா நிலையங்களோடு 2020 ஜூன் 13இல் திறந்தது. வாக்களித்த ஆண்டில் பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போய்விட்டது.

இரண்டாம் கட்டம் 6 மைல், 4 நிலையங்கள். இதில் சுரங்கம் மட்டும் 5 மைல். 500 கோடி டாலருக்குள் முடியும் என்றிருந்த மதிப்பீடு, 2023இல் 1,200 கோடியைத் தாண்டிவிட்டது. இதற்கான பணத்தில் மேலே சொன்ன விற்பனை வரிகள் இருக்கின்றன; வளைகுடாவின் பாலச் சுங்கத்திலிருந்து 37.5 கோடி டாலர் இருக்கிறது. மாநில மானியம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஃபெடரல் அரசு அறிவித்த 510 கோடி டாலர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனி காலக்கெடு, தனி தணிக்கை. ஒன்று தாமதித்தால் மற்றவை காத்திருக்கும். காத்திருக்கும் காலத்தில் விலை ஏறும். ஏறிய விலைக்கு இன்னொரு நிதியைத் தேட வேண்டும்.

செலவு பெருகுவதற்குச் சுரங்கம் தோண்டும் முறை முதல் விலைவாசி வரை பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. என் பார்வையில், கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டும் இந்த முறையே ஒரு முக்கியக் காரணம். பணம் சேர்வதற்குள் பொருளின் விலை ஓடிவிடுகிறது.

புதிய பஸ்கள் பளபளவென்று வந்து நிற்கின்றன. ஆனால் சேவையைக் குறைக்கிறார்கள். இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கோபமாகவே கேட்பார்கள், கோபம் சரிதான். ஃபெடரல் பணம் பெரும்பாலும் வாங்குவதற்கும் கட்டுவதற்கும்தான். 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 2 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரப் பகுதிகளில் வழக்கமான ஃபெடரல் உதவியை அன்றாட இயக்கச் செலவுக்குப் பயன்படுத்தப் பொதுவாக அனுமதி இல்லை. சிறிய பஸ் கழகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பஸ்ஸுக்குப் பணம் உண்டு, ஓட்டுநரின் சம்பளத்துக்கு இல்லை. அதை டிக்கெட்டும் உள்ளூர் வரியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொரோனா காலத்தில் இந்த விதி தளர்ந்தது. மூன்று சட்டங்கள் மூலம் ஏறத்தாழ 6,900 கோடி டாலர் பொதுப் போக்குவரத்துக்குக் கிடைத்தது. சம்பளத்துக்கும் செலவிட முடிந்தது. அந்தப் பணம் தீர்ந்ததும், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் திரும்பி வராத ரயில்களும் பஸ்களும் திண்டாட ஆரம்பித்தன. பெரிய நகரங்களில் நீங்கள் கேள்விப்படும் "நிதிப் பள்ளம்" இதுதான்.

சுங்கம் வசூலித்தே கட்டிவிடலாமே?

செய்கிறார்கள். வளைகுடாப் பகுதியில் 2018 ஜூன் வாக்கெடுப்பில், பாலச் சுங்கத்தை ஒவ்வொரு டாலராக மூன்று தவணையில் 3 டாலர் உயர்த்தச் சம்மதம் கிடைத்தது. வழக்கு நடந்ததால் வசூலான பணம் 2023 வரை தொடமுடியாமல் கிடந்தது. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தென்பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு 2025 ஜனவரி 5 முதல் உச்ச நேரத்தில் 9 டாலர். அந்த வருமானத்தைக் காட்டி 1,500 கோடி டாலர் கடன் திரட்டி சுரங்க ரயிலையும் பஸ்ஸையும் சீர்செய்வது திட்டம்.

ஒரு வேலை முடிய ஏன் இத்தனை ஆண்டுகள்?

சுற்றுச்சூழல் சட்டத்தையே எல்லோரும் கைகாட்டுவார்கள். 1970 ஜனவரி 1இல் கையெழுத்தான தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி, ஃபெடரல் பணமோ அனுமதியோ தேவைப்படும் வேலைக்கு விளைவுகளை ஆராய வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நெடுஞ்சாலை வேலைகளில் மிகப் பெரும்பாலானவை "பெரிய பாதிப்பு இல்லாதவை" என்ற விலக்குப் பிரிவில் சுருக்கமாக முடிந்துவிடுகின்றன. ஆயிரம் பக்க அறிக்கை தேவைப்படுவது சில பெரிய திட்டங்களுக்கே. 2023இல் அதற்கும் இரண்டு ஆண்டுக் கெடுவும் பக்க வரம்பும் விதித்துவிட்டார்கள்.

மற்றக் காரணங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: நிலத்தடியில் ஓடும் தண்ணீர், எரிவாயு, மின்சாரக் குழாய்களை இடம் மாற்றுவது; ரயில் நிறுவனத்தின் இடத்தைக் கடக்க அனுமதி வாங்குவது; ஒரே துண்டு நிலத்துக்கு விலை படியாமல் நீதிமன்றம் போவது. இவற்றில் குழாய் மாற்றுவது மட்டுமே ஓராண்டை விழுங்கிவிடும்.

காற்று மாசுக்கும் சாலைப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்?

காற்றுத் தரம் மோசமான பகுதியில், திட்டமும் பட்டியலும் மாசு வரம்புக்குள் அடங்கும் என்று கணக்குக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் புதிய சாலைப் பணம் நிற்கும். 1998இல் அட்லான்டாவுக்கு அதுவே நேர்ந்தது. கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்த நகரத்தில் புதிய சாலை வேலைகள் முடங்கின. அடுத்த ஆண்டு ஜார்ஜியா மாநிலம் பிராந்தியப் போக்குவரத்துக்கென்று தனி ஆணையமே அமைத்தது.

இன்னொரு தடம் போட்டால் நெரிசல் குறைந்துவிடும் அல்லவா?

கொஞ்ச நாள். லாஸ் ஏஞ்சலஸில் செபுல்வெடா கணவாய் வழியாகச் செல்லும் 405ஆம் எண் ஃப்ரீவேயில் வடக்கு நோக்கி 10 மைலுக்கு ஒரு கார்பூல் தடம் (ஒன்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து போகும் கார்களுக்கானது) சேர்த்தார்கள். 100 கோடி டாலருக்கும் மேல் செலவு, 2014இல் திறந்தது. உச்ச நேரத்தில் பயண நேரம் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும், வேறு நேரத்தில் போனவர், வேறு வழியில் போனவர், போகாமலே இருந்தவர் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

கலிஃபோர்னியா இதைச் சட்டத்திலேயே ஏற்றுவிட்டது. 2013இல் இயற்றிய எஸ்.பி. 743 சட்டத்தின்படி, ஒரு கட்டுமானத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பை "எத்தனை வினாடி தாமதம்" என்று அளப்பதை விட்டுவிட்டு, "மக்கள் எத்தனை மைல் கூடுதலாகக் காரோட்ட வேண்டியிருக்கும்" என்று அளக்கிறார்கள். 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுதும் இதுவே நடைமுறை. பழைய அளவுகோலில், ரயில் நிலையத்தின் அருகே அடுக்குமாடி கட்டுவது போக்குவரத்துக்கு இடையூறு. ஊருக்கு வெளியே வயலில் வீடு கட்டுவது சாது. அளவுகோல் தலைகீழாக நின்றது என்பதைப் புரிந்துகொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

எல்லா அகலப்படுத்தலும் வீண் என்று சொல்லவில்லை. விபத்து அதிகமாக நடக்கும் இணைப்புகளைச் சீர்செய்வதும், துறைமுகத்திலிருந்து லாரிகள் வெளியேறும் வழியைச் சரிசெய்வதும் வேறு கதை.

வேலை தொடங்கிய பிறகு நிறுத்த முடியுமா?

முடியும், விலை உண்டு. நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ஹட்சன் ஆற்றின் அடியில் புதிய ரயில் சுரங்கம் தோண்டும் வேலை 2009இல் தொடங்கியது. மதிப்பீடு 870 கோடி டாலர். செலவு எகிறும் என்று காரணம் சொல்லி, அடுத்த ஆண்டே ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அதை ரத்து செய்தார். கொடுத்த 27.1 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டது ஃபெடரல் அரசு, 9.5 கோடியில் சமரசமானது. பழைய இரண்டு சுரங்கங்களையும் 2012இல் சாண்டி புயலின் உப்புநீர் அரித்தது. பிறகு அதே ஆற்றடியில் புதிய சுரங்கத்துக்குப் போட்ட மதிப்பீடு, பழைய சுரங்கச் சீரமைப்பையும் சேர்த்து, 1,600 கோடி டாலர்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனால் பயன் உண்டா?

எந்தக் கூட்டம் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானோர் போவது சுற்றுச்சூழல் அறிக்கை வெளியானபின் நடக்கும் கூட்டத்துக்கு. மேசைகளில் வண்ண வரைபடங்கள், ஓரத்தில் பிஸ்கட், மூன்று நிமிட மைக். அப்போது வேலையின் நோக்கமும் எல்லையும் முடிவாகியிருக்கும். ஒலித்தடுப்புச் சுவர் எங்கே, நடைபாதை எந்த அகலம் என்பவற்றை மாற்றலாம். வேலையே வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு.

அந்தக் கேள்விக்கான இடம் நீண்டகாலத் திட்டம் தயாராகும் ஆண்டு. அறை காலியாக இருக்கும், நிகழ்ச்சி நிரல் தூக்கம் வரவழைக்கும். ஆனால் அங்கே வரும் பத்துக் கடிதங்கள் கவனிக்கப்படும், ஏனென்றால் வருவதே பத்துதான். டி.ஐ.பி. வரைவையும் மக்கள் கருத்துக்கு வெளியிட்டே ஆக வேண்டும். சிறு திருத்தங்களை ஊழியர்களே செய்துவிடலாம். புதிய வேலையைச் சேர்ப்பது, செலவைப் பெரிதாக மாற்றுவது போன்றவை குழுவின் முன் வர வேண்டும்.

"எங்கள் தெருவில் நெரிசல்" என்று எழுதுவதைவிட, பட்டியலில் உள்ள வேலையின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, கட்டுமான ஆண்டு ஏன் தள்ளிப்போனது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் எழுத்துபூர்வமாக வர வாய்ப்பு அதிகம்.

என் பகுதியில் என்ன வேலை வரப்போகிறது என்று எங்கே பார்ப்பது?

உங்கள் எம்.பி.ஓ.வின் இணையதளத்தில் டி.ஐ.பி. இருக்கும், பல இடங்களில் வரைபடத்திலேயே தேடலாம். அங்கே இல்லாவிட்டால், ஃபெடரல் பணம் தொடாத உள்ளூர் வேலையாக இருக்கலாம். நகரத்தின் மூலதனச் செலவுத் திட்டத்தைப் பாருங்கள். சிக்னல், பள்ளி அருகே நடைபாதை, வேகத்தடை எல்லாம் பெரும்பாலும் அதில்தான். அதிலும் இல்லையென்றால் அந்த வேலையை இன்னும் யாரும் கேட்காமலே இருக்கலாம். நகரத்தின் பொதுப்பணித் துறைக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கான வேலைப் பட்டியலை எந்த மாதம் முடிவு செய்கிறார்கள் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.